வால்வில் கை வைக்கும் முன்: டேங்கர் எடுக்க வந்திருக்கும் தம்பிக்கு

ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிப்டு மாறும் நேரத்தில் நின்று பார், தம்பி. கம்பெனி பஸ்களுக்கும் கார் ஏற்றிப் போகும் நீள லாரிகளுக்கும் நடுவே வெள்ளை எல்பிஜி புல்லட் டேங்கர் ஒன்று வரும். அதன் பின்னால் திரவ ஆக்சிஜன், அதற்கும் பின்னால் ஆசிட், தின்னர், டீசல். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் சுற்று வட்டாரத்தின் தொழிற்சாலைகள் ஓடுவது இந்தச் சரக்குகளால்தான். நீ ஓட்டப் போவதும் இவற்றில் ஒன்றை.

டேங்கருக்குள் இருப்பதை ஊரிலிருந்து பிரித்து வைத்திருப்பவை நாலைந்து வால்வுகள். கீழே சொல்லும் அத்தனைக்கும் அடிப்படை ஒன்றே: வால்வு மூடியே இருக்க வேண்டிய பொருள். அது திறந்திருக்கும் நேரம் முழுக்கப் பக்கத்தில் பொறுப்பான ஆள் இருக்க வேண்டும்.

1. சரக்கு இன்னதென்று தெரியாமல் சாவியை வாங்காதே.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 9ஆம் விதிப்படி அபாயகரச் சரக்கு ஓட்டுபவனுக்கு 3 நாள் தனிப் பயிற்சி கட்டாயம். அந்தப் பயிற்சியில் தூங்கிவிட்டுச் சான்றிதழோடு வருகிறவர்கள் உண்டு. நீ அப்படி இராதே. வண்டியில் ஒட்டியிருக்கும் பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும். 1075 என்றால் எல்பிஜி, 1073 என்றால் குளிரூட்டிய திரவ ஆக்சிஜன், 1830 என்றால் கந்தக அமிலம், 1203 என்றால் பெட்ரோல். அதே பலகையில் இருக்கும் ஹாஸ்கெம் என்ற அவசரக் குறியீட்டில் முதலில் வரும் எண், தீயணைப்பு வீரர்கள் எதை அடிக்க வேண்டும் என்று சொல்கிறது: 2 என்றால் பனிபோல் தூவும் தண்ணீர், 3 என்றால் நுரை. கடைசியில் E இருந்தால் சுற்றிலும் ஆட்களை வெளியேற்றுவது பற்றி யோசித்தாக வேண்டும். சரக்கின் ஆபத்தையும் அவசரத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லும் ட்ரெம் கார்டு கேபினில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆபீஸ் பீரோவில் இருக்கும் கார்டால் ரோட்டில் பயனில்லை.

2. மூன்று அடைப்பையும் கையால் தொட்டுப் பார்.

தொட்டிக்குள் இருக்கும் வால்வு ஒன்று. வெளியே குழாயில் இருக்கும் வால்வு இன்னொன்று. குழாய் முனையில் மூடியோ டம்மி என்கிற அடைப்புத் தட்டோ மூன்றாவது. வெளி வால்வு மூடியிருக்கிறதே என்று உள் வால்வைத் திறந்தபடி ஓட்டுவது இந்த ரோட்டில் பழகிப்போன தவறு. அப்படி ஓட்டினால் குழாய் முழுக்கச் சரக்கு நிற்கும். பின்னால் வந்து ஒருவன் இடித்தால் முதலில் உடைவது அந்தக் குழாய்தான். உள் வால்வு மூடியிருந்தால் போவது குழாயில் இருந்தது மட்டும். திறந்திருந்தால் தொட்டியில் இருப்பதெல்லாம் அதே வழியாக வெளியே வரும். பால் வால்வில் கைப்பிடி குழாயோடு ஒரே நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பார்வையோடு விட்டுவிடாமல் கையையும் வைத்துப் பார். இருட்டில் கண் ஏமாறும்.

3. உள் வால்வின் லீவரைக் கம்பியால் கட்டாதே.

லோடு இறக்கும்போது லீவர் தானாகத் திரும்பி மூடிக்கொள்கிறது என்று கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டுவார்கள். தானாக மூடுவதற்காகத்தான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். பல வண்டிகளில் லீவரோடு உருகும் இணைப்பு ஒன்று இருக்கும். சூடு சுமார் 100 டிகிரியைத் தொட்டால் அது உருகி வால்வு மூடிக்கொள்ளும். தீப்பிடித்த வண்டிக்கு அருகே யாராலும் போக முடியாத நேரத்தில் உனக்காக வேலை செய்யும் உறுப்பு அது. நீ கட்டிய கம்பி அந்தச் சூட்டில் உருகாது.

4. மெல்லத் திற.

எல்பிஜி வண்டியில் அளவுக்கு மீறிய ஓட்டத்தைத் தடுக்கும் வால்வு உண்டு. ஹோஸ் அறுந்து வாயு பாய்ந்தால் அது சட்டென்று அடைத்துக்கொள்ளும். நீ வால்வை அவசரமாகத் திறந்தாலும் அதே மாதிரி அடைத்துக்கொள்ளும். உடனே சுத்தியலால் தட்ட ஆரம்பிக்கிறவன் தொழில் தெரியாதவன். முன்னால் இருக்கும் வால்வை மூடிவிட்டுக் காத்திரு. இருபுறமும் அழுத்தம் சமமானதும் அது தானே விடும். இன்னொன்றையும் நினைவில் வை: சிறு கசிவை இந்த வால்வு கண்டுகொள்ளாது. பெரிய ஓட்டத்துக்குத்தான் அது மூடும். அது இருக்கும் தைரியத்தில் லேசாகக் கசியும் கேஸ்கெட்டை விட்டுவிடாதே.

5. எர்த் முதலில், ஹோஸ் அடுத்து, வால்வு கடைசியில்.

இன்ஜினை நிறுத்து, சக்கரத்துக்குக் கட்டை வை, பேட்டரியைத் துண்டி. எர்த் கிளிப்பைப் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டு. பெயின்ட் மேல் மாட்டிய கிளிப் பெயருக்குத்தான் இருக்கும். குழாய்க்குள் ஓடும் திரவம் மின்னூட்டத்தைச் சேர்க்கும். அது போக வழியில்லாவிட்டால் பொறியாகக் கிளம்பும். முடித்த பிறகு வரிசை தலைகீழ்: வால்வை மூடு, அழுத்தத்தை இறக்கு, ஹோஸைக் கழற்று, எர்த்தைக் கடைசியில் எடு.

6. லோடு இறங்கும்போது அங்கேயே நில்.

கேபினில் உட்காராதே. டீக்கடைக்குப் போகாதே. கிளீனரை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போகாதே. அவசர லீவர் எந்தப் பக்கம், ஓடினால் எந்த வழி என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்.

7. மேலே இருப்பவற்றை மறக்காதே.

கீழ் வால்வைக் கவனிக்கிற அளவுக்கு மேல் வால்வைக் கவனிப்பவர்கள் குறைவு. திரவம் இறங்கும்போது மேலே காற்று உள்ளே போக வேண்டும். காற்று வழி அடைந்திருந்தால் தொட்டி உள்வாங்கி நசுங்கும். புல்லட்டின் மேலிருக்கும் பாதுகாப்பு வால்வு அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்து வெளியேற்றும். அதன் வாயில் பெயின்ட் படியவோ துணி அடைக்கவோ கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சோதிக்க வேண்டும். தேதியைக் கேட்டுப் பார். எல்பிஜி புல்லட்டை 85 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் விடுவதும் அழுத்தம் எல்லை மீறாமல் இருக்கத்தான். சித்திரை வெயிலில் திரவம் விரியும், அதற்கு இடம் வேண்டும்.

8. ஒரு சரக்கின் வழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டு போகாதே.

ஆக்சிஜன் வண்டிக்கு எண்ணெய் ஆகாது. கிரீஸ் பட்ட கை, காட்டன் வேஸ்ட், டீசல் வாடையடிக்கும் சட்டை எதுவும் அந்த வால்வுக்கு அருகே வரக்கூடாது. செறிந்த ஆக்சிஜனில் எண்ணெய் தீயாகப் பற்றும். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் இருக்கும். வெளியே வந்தால் 800 மடங்குக்கு மேல் விரியும். இரண்டு வால்வுக்கு நடுவே அந்தத் திரவம் மாட்டிக்கொண்டால் குழாயே வெடிக்கும். அந்தக் குழாய்த் துண்டுக்கென்று வைத்த சிறு பாதுகாப்பு வால்வைக் கழற்றிவிட்டு டம்மி போடாதே.

கந்தக அமிலத்தில் வேறு கதை. செறிந்த அமிலத்தை இரும்புத் தொட்டி தாங்கும், தண்ணீர் கலந்த அமிலத்தைத் தாங்காது. வால்வு வாயைத் தண்ணீரால் கழுவி ஈரத்தோடு விட்டால் உலோகம் அரிக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு உள்ளே ரப்பர் பூசிய தொட்டி வேண்டும். ஸ்டெயின்லெஸ் வால்வைக்கூட அது தின்றுவிடும். கையில் கிடைத்த கேஸ்கெட்டைப் போட்டு ஒப்பேற்றாதே.

மறுபடி ஆக்சிஜனுக்கு வருவோம், அதன் அருமை தெரிய வேண்டும். 2021 ஏப்ரலில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் 80 கிலோலிட்டர் ஆக்சிஜனை ஆந்திராவுக்கும் தெலங்கானாவுக்கும் திருப்பியதை எதிர்த்து அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதே மாதம் 21ஆம் தேதி நாசிக்கின் ஜாகிர் உசேன் மருத்துவமனையில் ஆக்சிஜன் தொட்டி கசிந்து, அழுத்தம் இறங்கி, இருபதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். தீயில்லாமலும் ஒரு கசிவு ஆளைக் கொல்லும்.

9. கசிவைத் தேடச் சோப்புத் தண்ணீர்.

தீக்குச்சி, லைட்டர் வேண்டவே வேண்டாம் என்று இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. குமிழ் வந்தால் கசிவு. எல்பிஜி வால்வில் வெள்ளையாகப் பனி படிந்தாலும் கசிவைச் சந்தேகப்படு. மூடிய வால்வு சொட்டினால் கைப்பிடியில் பைப்பை மாட்டி முறுக்காதே. உள்ளே வால்வு உட்காரும் இடம் சிதைந்து, சொட்டு ஓட்டமாகும். அழுத்தத்தில் இருக்கும்போது போல்ட்டை இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது. வண்டியைத் தனியே நிறுத்திவிட்டுத் தெரிந்தவனைக் கூப்பிடு.

10. ரோட்டில் வால்வுக்கும் சேர்த்து இடம் விடு.

2024 டிசம்பர் 20 அதிகாலை, ஜெய்ப்பூர் அஜ்மீர் சாலையில் பாங்க்ரோட்டா அருகே எல்பிஜி டேங்கர் ஒன்று யூ-டர்ன் எடுத்துக்கொண்டிருந்தது. எதிரே வந்த லாரி மோதியது. ஐந்து நாசில்கள் உடைந்து 18 டன் வாயு வெளியேறியதாக அப்போது அதிகாரிகள் சொன்னார்கள். பஸ், லாரி, கார் என்று சுற்றிலும் இருந்தவை எரிந்தன. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வண்டியைக் குறுக்கே திருப்பும்போது அதன் மிக மென்மையான பக்கத்தை எதிரில் வருகிறவனுக்குக் காட்டுகிறாய். பெங்களூர் நெடுஞ்சாலையிலும் சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டிலும் நடுத்தடுப்பு இடைவெளி கண்டதும் திரும்பும் பழக்கம் நமக்கு இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் சுற்றினாலும் பரவாயில்லை, சிக்னலில் திரும்பு. வால்வுப் பெட்டியின் கம்பித் தடுப்பும் பின் பம்பரும் வளைந்திருந்தால் சரிசெய்யாமல் கிளம்பாதே.

11. கவிழ்ந்தால் வீரம் காட்டாதே.

எல்பிஜி திரவம் சுமார் 250 மடங்கு வாயுவாக விரியும். காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளம், சாக்கடை, வீட்டு வாசல் என்று தரையோடு போகும். காற்றில் சுமார் 2 சதவீதம் இருந்தாலே பற்றும். 2012 ஆகஸ்ட் 27 அன்று கேரளத்தின் கண்ணூர் அருகே சாலாவில் டேங்கர் கவிழ்ந்து கசிந்த வாயு பற்றியதில் 20 பேர் இறந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம் மாநிலத்தில் இருக்கிறது. 2025 ஜனவரி 3 அதிகாலை, கொச்சியிலிருந்து வந்த 18 டன் எல்பிஜி டேங்கர் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் லாரியிலிருந்து கழன்று கவிழ்ந்து கசிந்தது. போக்குவரத்தை நிறுத்தினார்கள், அருகிலுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், தீயணைப்புத் துறையினர் தண்ணீரைத் தூவிக்கொண்டே இருந்தார்கள், பல மணி நேரப் பொறுமைக்குப் பிறகே தொட்டியை நிமிர்த்தினார்கள். ஓர் உயிரும் போகவில்லை. நீ செய்ய வேண்டியதும் இதன் முதல் பகுதியைத்தான்: முடிந்தால் இன்ஜினை அணை, அவசர லீவரை இழு, காற்று வரும் திசை நோக்கி விலகு, மற்ற வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்து. 101 அல்லது 112-க்குச் சொல். எல்பிஜி என்றால் 1906-க்கும் சொல். பேசும்போது பலகையில் இருக்கும் எண்ணைப் படித்துக் காட்டு. ஓடி ஒளியாதே, காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது விதிப்படி உன் கடமை.

12. காலி வண்டி என்று ஒன்று கிடையாது.

சரக்கு இறங்கினாலும் ஆவி உள்ளே நிற்கும். பெட்ரோல், தின்னர் வண்டிகளில் அதுதான் அதிக ஆபத்து. திரும்பும் வழியிலும் மூன்று அடைப்பும் இருக்க வேண்டும். ஒரு வெல்டிங் பொட்டுதானே என்று ரோட்டோரப் பட்டறையில் நிறுத்தாதே. வாயு நீக்கியதாகத் தகுதியுள்ளவர் எழுதிக் கொடுக்காமல் அந்தத் தொட்டிக்கு அருகே தீப்பொறி வரக்கூடாது.

13. முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள்.

வால்வு சொட்டுகிறது என்பாய். கம்பெனிக்காரர் லைன் நிற்கிறது என்பார். ஓனர் வாடகை போகிறது என்பார். இருவரும் வால்வுக்கு அருகே நிற்கப் போவதில்லை. சண்டை வேண்டாம், குறையைத் தேதி, நேரம் போட்டு வண்டிப் புத்தகத்தில் எழுது, போனில் படம் எடுத்து அனுப்பு, சரி செய்தபின் கிளம்புகிறேன் என்று பணிவாகச் சொல். எழுத்தில் வந்த குறையைப் பார்த்த பிறகும் வண்டியை அனுப்பும் துணிச்சல் பெரும்பாலானவர்களுக்கு இருக்காது. அப்படியும் அனுப்புகிற இடம் இருந்தால் அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டுநருக்கு வேலைப் பஞ்சம் இல்லை.