‘ஒரு டிப்ஸ் சொல்லுங்க சார்’

சமையல் டிப்ஸ், எக்ஸாம் டிப்ஸ், இன்டர்வியூ டிப்ஸ். பேச்சில் இந்தச் சொல்லை எப்படிப் போட்டாலும் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்து மெயில் எழுதத் தொடங்கும்போதுதான் இடறுகிறது.

தமிழில் ‘ஒரு டிப்ஸ்’ என்போம். ஆங்கிலத்தில் ஒன்று என்றால் ‘டிப்’, பல என்றால்தான் ‘டிப்ஸ்’. ‘அட்வைஸ்’ வேறு ரகம். ஆலோசனை என்ற பொருளில் அதற்குப் பன்மை கிடையாது. ஒன்றைக் குறிக்க ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்று எழுத வேண்டும். எதைப் பற்றிய குறிப்பு என்பதற்கு ‘ஆன்’ வரும்: டிப்ஸ் ஆன் ரிப்போர்ட் ரைட்டிங். யாருக்கு என்றால் ‘ஃபார்’: டிப்ஸ் ஃபார் ஃப்ரெஷர்ஸ். ஹோட்டலில் சர்வருக்குக் கொடுப்பதும் இதே டிப்ஸ்தான். இடத்தைப் பார்த்தே பொருள் தெரிந்துவிடும்.

இலக்கணத்தைவிட முக்கியமானது ‘ஹின்ட்’டை அடையாளம் காண்பது. டிப் என்பது வெளிப்படையாகச் சொல்லும் சின்ன உபாயம். ஹின்ட் என்பது நேராகச் சொல்லாமல் உணர்த்துவது. டீம் லீட் ‘யூ மே வான்ட் டு ரீசெக் தி நம்பர்ஸ்’ என்று எழுதினால், விருப்பம் இருந்தால் பாருங்கள் என்று படிக்காதீர்கள். கணக்கில் ஏதோ உதைக்கிறது, உடனே பாருங்கள் என்று சொல்கிறார். மீட்டிங்கில் ‘லெட்ஸ் டேக் திஸ் ஆஃப்லைன்’ என்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டும். புதிதாகச் சேரும் பலர் இந்தப் பணிவான வாக்கியங்களை அப்படியே எடுத்துக்கொண்டு, அப்ரைசலில் வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் தயங்காமல் கேளுங்கள்: ‘இன்று மாலைக்குள் திருத்தி அனுப்பட்டுமா சார்?’ ஆமாம் என்றால் அது வேலை. அவசரமில்லை என்றால் அதுவும் தெளிவு.

சீனியரிடம் டிப்ஸ் கேட்கும்போது கேள்வியைக் குறுக்குங்கள். ‘எனக்கு ஏதாவது டிப்ஸ் கொடுங்க மேடம்’ என்றால் ‘நல்லா கத்துக்கோங்க’ என்பதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? ‘கோபமாக இருக்கும் க்ளையன்ட் லைனில் வந்தால் முதலில் என்ன பேசுவீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பல வருட அனுபவம் இரண்டு வாக்கியத்தில் கிடைக்கும்.

நீங்கள் சொல்லும் இடத்தில் இருந்தால், தனியாக அழைத்து, ஒரு சமயத்தில் ஒன்று, காரணத்தோடு சொல்லுங்கள். கட்டாயமானதை டிப்ஸ் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மெஷினை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும் என்பது விதி. அதை டிப்ஸ் என்றால் கேட்பவர் விட்டுவிடலாம் என்று நினைப்பார். அதற்குக் கைவிரல் விலையாகப் போகும்.

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இன்னொரு டிப்ஸையும் அறிந்திருக்க வேண்டும். காலாண்டு முடிவு, இணைப்பு, பெரிய ஆர்டர் போன்ற வெளியிடப்படாத தகவலை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான ‘செபி’யின் 2015ஆம் ஆண்டு உள்வணிகத் தடை விதிமுறைகளின்படி குற்றம். நீங்கள் ஒரு பங்குகூட வாங்கியிருக்க வேண்டியதில்லை, சொன்னதே போதும். அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய். அதிகபட்சம் 25 கோடி ரூபாய் அல்லது கிடைத்த லாபத்தைப்போல் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அது. அக்கவுன்ட்ஸில் இருப்பவர்களிடம் உறவினர்கள் கல்யாண வீட்டில்கூடக் கேட்பார்கள், ‘என்ன மாப்ளே, இந்தத் தடவை ரிசல்ட் எப்படி?’ என்று. ‘அறிவிச்சதும் பேப்பர்ல வரும் மாமா’ என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போங்கள்.