முடிவு தெரிந்த கதை

"முடிவு தெரிந்துவிட்ட கதையை எதற்காகப் படிக்க வேண்டும்?" வோபர்னில் வார இறுதித் தமிழ் வகுப்புக்கு வரும் மாணவர், சிலப்பதிகாரத்தைக் கையிலெடுத்ததும் கேட்கக்கூடிய வினா இது. நியாயமான வினாவே. கோவலன் கொலையுண்பான், மதுரை எரியும் என்று பெற்றோர் முன்னரே சொல்லியிருப்பர். துப்பறியும் கதையாயின் அவ்வளவில் நூலை மூடிவிடலாம்.

ஆனால், முடிவை வெளியிட்டவர் பெற்றோர் மட்டுமல்லர். நூலே அதனை வெளியிடுகின்றது. தொடக்கத்திலுள்ள பதிகம் கதை முழுவதையும் சுருக்கிக் கூறிவிடுகின்றது. பதிகம் பிற்காலச் சேர்க்கை என்பாரும் உளர். அதனை நீக்கினாலும், 9ஆம் காதையிலே கண்ணகி தான் கண்ட கனவைத் தேவந்திக்கு உரைக்கின்றாள்: ஒரு பெருநகர், கோவலன்மீது பழி, அவனுக்கு நேர்ந்த தீங்கு, அரசன்முன் தான் வழக்குரைத்தமை, அரசனுக்கும் நகருக்கும் வந்த கேடு. 30 காதைகளுள் மூன்றில் ஒரு பங்குகூட அப்போது முடியவில்லை! மாணவர் பலர் உயர்நிலைப் பாடசாலையில் பயிலும் ரோமியோ ஜூலியட் நாடகத்திலும், காதலர் இருவரும் இறப்பர் என்பதை ஷேக்ஸ்பியர் முன்னுரையிலேயே அறிவித்துவிடுகின்றார்.

இனி, 16ஆவதாகிய கொலைக்களக் காதையை நிதானமாக வாசியுங்கள். மாதரி தந்த இல்லத்திலே கண்ணகி சமைத்துக் கணவனுக்குப் பரிமாறுகின்றாள். உண்டபின் அவன் ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படுகின்றான். வழியில் ஓர் ஏறு எதிர்ப்படுகின்றது. அது தீநிமித்தம் என்பதை அவன் அறியான். முடிவு தெரியாதவருக்கு அது வெறும் மாடு. தெரிந்தவருக்கோ நெஞ்சு பதறுகின்றது.

வியப்பும் இல்லாமற் போகவில்லை. நாம் எதிர்பாராத இடத்திலே அது காத்திருக்கின்றது. அரச ஆணையோடு வந்த காவலர் கோவலனைக் கண்டதும், இவன் தோற்றம் கொலைக்குரிய கள்வனின் தோற்றமன்று என்று தயங்குகின்றனர். பொற்கொல்லனோ, கள்வருக்குத் துணையாகும் மந்திரம், மருந்து முதலிய எட்டினையும் அடுக்கி அவர்களை வசப்படுத்த முயல்கின்றான். பேச்சு நீள்கின்றது. பலமுறை படித்தவரும் இவ்விடத்தில், தப்பிவிடுவானோ என்று ஒரு கணம் ஏங்குவர். அப்போதுதான் கல்வியறிவற்ற ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். ஊழ்வினையின் பயன் என்று பதிகம் கூறிய பெருந்துயரம், ஒரு மூடனின் அவசரத்தால் நிகழ்ந்துவிடுகின்றது. கொலையை அறிந்திருந்தோம், இவன் கையால் என்பதை யார் ஊகித்திருப்பர்?

மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகி கோயில்களில், வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை ஆண்டுதோறும் பாடப்பட்டு வருகின்றது. அங்கே கூடுவோர் கதையைச் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள். பாட்டிமாரைக் கேட்டால், எந்த இடத்தில் கண் கலங்கும் என்பதையும் சொல்லிவிடுவர். ஆனாலும் அடுத்த ஆண்டும் செல்வர்.

பயிற்சி: பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்தும், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். 20ஆவதாகிய வழக்குரை காதையைப் பெற்றோருடன் இருந்து வாசித்து, சிலம்பு உடைவதற்கு முன்பே பாண்டியன் தன் வாயால் எதனைக் கூறிவிடுகின்றான் என்று கண்டெழுதுக.