நீலப் புள்ளி

செங்கல்பட்டு,
ஐப்பசி 12

அன்புள்ள பேத்திக்கு,

இங்கே கொளவாய் ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. பாட்டியின் முழங்கால் வலிதான் இறங்கவில்லை. பல் மருத்துவப் படிப்புக்கான கடைசிச் சுற்றுக் கலந்தாய்விலும் உனக்கு இடம் கிடைக்கவில்லை என்றும், இரண்டு நாளாக நீ சரியாகச் சாப்பிடாமல் கடற்கரையில் போய் உட்கார்ந்திருக்கிறாய் என்றும் மாப்பிள்ளை தொலைபேசியில் சொன்னார். நேரில் வந்தால் நீ அழுவாய், நான் பேச்சை நிறுத்திவிடுவேன், ஆகையால் எழுதுகிறேன்.

இத்தகைய சமயங்களில் பெரியவர்கள் வழக்கமாக எடுத்துவிடும் கதைகளை, கும்பகோணம் கல்லூரியில் எஃப்.ஏ. தேறாத ராமானுஜத்தின் கதை உட்பட, நான் சொல்லப்போவதில்லை. பசித்த வயிற்றோடு அழுகிற பெண்ணுக்கு முன்னால் ஒரு மகா மேதையைக் கொண்டுவந்து நிறுத்துவது ஆறுதலுமாகாது, நியாயமுமாகாது. என் சங்கதியே போதும்.

1966-ல் பி.யூ.சி. முடித்த கையோடு, இதே பல் வைத்தியப் படிப்புக்காக, கடன் வாங்கிய வெள்ளைச் சட்டையோடு நேர்முகத் தேர்வுக்குப் பட்டணம் போனேன். ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. தகப்பனார் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டார்கள், சொன்னேன், போகலாம் என்றார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் என் புத்தியையும் கையையும் நிறுத்துப் பார்த்து, யோக்கியதை இல்லை என்று தள்ளிவிட்டார்கள் என்றே வெகுகாலம் நம்பிக் குமைந்தேன். பிறகு 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. உன் தாய் காலத்துப் பிள்ளைகளெல்லாம் அதற்காக உருப்போட்டார்கள். 2007-ல் அதை எடுத்துவிட்டுப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றார்கள், 2017-லிருந்து நீட். ஒரே படிப்பு, ஒரே பல், ஒரே வலி. அளக்கிற முழம் மட்டும் மூன்று தடவை மாறியதைக் கண்ணால் பார்த்த பிற்பாடுதான், என்னை அன்று அளந்த முழமும் அவற்றில் ஒன்று என்பது புரிந்தது. உன் விஷயத்தையே எடுத்துக்கொள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு நல்ல ஏற்பாடு. ஆனால் நீ படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அரசுப் பள்ளியில் படித்த பக்கத்துத் தெருப் பெண்ணுக்கும் உனக்கும் வீட்டு வறுமையில் வித்தியாசமில்லை, பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகையில் இருந்தது. அவளுக்குக் கிடைத்ததில் நீ வயிறெரியவில்லை என்று கேட்டு சந்தோஷப்பட்டேன்.

படிப்பு கிடைக்காத நான் இரண்டு வருஷம் பயிற்சி பெற்று டென்டல் மெக்கானிக் ஆனதும், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் முப்பத்தைந்து வருஷம் பல் செட்டு செய்ததும் உனக்குத் தெரியும். அந்தத் தொழிலில் நிராகரிப்பு என்பது அன்றாடச் சோறு. வாயில் அச்சு எடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, அக்ரிலிக்கை வெந்நீரில் வேகவைத்து, இழைத்து, மெருகேற்றி அனுப்பின செட்டு மறுநாளே ஒரு பொட்டலத்தில் திரும்பி வரும், "கடிக்கவில்லை" என்ற ஒரே வார்த்தையோடு. ஆரம்பத்தில் எனக்கு ஆத்திரம் வரும். முழு செட்டையும் உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யலாமா என்றுகூடத் தோன்றும். என்னை வேலைக்கு வைத்திருந்த கிழட்டு டாக்டர்தான் பொறுமையாக ஒரு நீலக் கார்பன் துண்டை எடுத்து, நோயாளியின் பற்களுக்கு நடுவே வைத்து, கடிக்கச் சொல்லிக் காட்டினார். எல்லாப் பல்லிலும் லேசாகச் சாயம் படியும். எங்கே உயரமாக இடிக்கிறதோ அங்கே மட்டும் அழுத்தமாக ஒரு நீலப் புள்ளி விழும். அந்தப் புள்ளியை மட்டும் இழைக்க வேண்டும். மறுபடி கடிக்கச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு மற்றப் பல்லையும் சேர்த்து இழைத்தவன் செட்டையே கெடுத்தான்.

உனக்கும் அதையே சொல்கிறேன். நூற்றெண்பது கேள்வியில் உயிரியல் தொண்ணூறு. அதில் உனக்குக் குறைவில்லை என்று மாப்பிள்ளையே சொன்னார். இயற்பியலும் வேதியியலும் நாற்பத்தைந்து நாற்பத்தைந்து. வினாத்தாளையும் ஓ.எம்.ஆர். நகலையும் எதிரே வைத்துக்கொண்டு, தவறிய கேள்விகளை மூன்று குவியலாகப் பிரி: தெரியாமல் விட்டவை, தெரிந்தும் கணக்கில் சறுக்கியவை, குருட்டாம்போக்கில் குறித்து ஒரு மார்க்கையும் பறிகொடுத்தவை. எந்தக் குவியல் பெரிதோ அங்கேதான் உன் நீலப் புள்ளி. அதைப் பாராமல், "எனக்குப் படிப்பே வராது" என்று முழு வாயையும் இழைக்கக் கிளம்பாதே.

விடைத்தாளைத் திரும்பப் பார்க்க மனம் கூசும், தெரியும். உங்கள் ஊரில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாதியில் விட்ட பாறைகளை உன் தகப்பனார் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறார்! பாறையில் கட்டம் கட்டமாகக் காடி வெட்டி, நடுவே நிற்கிற துண்டுகளை உடைத்தெறிந்து, மேலிருந்து கீழாக இறங்கினார்கள் என்பதை அங்கேதான் விரல் வைத்துப் பார்க்கலாம். முடிந்துபோன ரதங்களில் அழகு தெரிகிறது. தொழில் தெரிய வேண்டுமானால் அரைகுறைக் கல்லுக்குத்தான் வர வேண்டும் என்பார் அவர். உன் விடைத்தாளும் அப்படித்தான்.

மேதைகளின் கதை சொல்லமாட்டேன் என்றேன்; நம் தொழிலைச் சேர்ந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1861-ல் லூசி ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணை, பெண் என்ற ஒரே காரணத்துக்காக ஓஹையோ பல் மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொள்ளவில்லை. அக்கல்லூரிப் பேராசிரியர் ஒருவரே அவருக்குத் தனியாகக் கற்பித்தார். லூசி தாமாகவே வைத்தியம் தொடங்கி, அயோவாவுக்குப் போய்ப் பெயரெடுத்து, 1865-ல் அந்த மாநிலப் பல் மருத்துவர் சங்கத்தில் உறுப்பினரான பின்பு, அதே கல்லூரி கதவைத் திறந்தது; 1866-ல் பட்டம் பெற்றார். இதைப் படித்துவிட்டு நீயும் கடை போட்டுவிடாதே! நம் நாட்டில் பதிவில்லாதவர் பல் வைத்தியம் பார்க்கத் தடை விதிக்கும் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. கதவு மூடியிருந்த அந்த நான்கு வருஷமும் லூசியின் கை தொழிலை விட்டு விலகவில்லை என்பதற்காகத்தான் சொன்னேன்.

ஒன்று மட்டும் உன்னையே கேட்டுக்கொள். எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் ஒதுங்கும் திண்ணையாகப் பி.டி.எஸ்ஸை நினைப்பவர்கள் உண்டு. நீ அப்படியல்ல என்று நினைக்கிறேன். பத்து வயதில் என் பட்டறையில் உட்கார்ந்து, மிஞ்சிய மெழுகில் கடைவாய்ப்பல் ஒன்றைச் செதுக்கி வைத்தாயே, அதை இன்னும் வைத்திருக்கிறேன். முதல் வருஷ மாணவர்களுக்கு அதே வேலைதான் பாடமாக இருக்கிறது. உன் மோகம் அந்த மெழுகின் மேலா, பெயருக்கு முன்னால் வரும் "டாக்டர்" மேலா? இரண்டாவதானால் அதுவும் பாவமில்லை. ஆனால் தெரிந்துகொண்டு ஆசைப்படு.

மனையை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும். அந்த மனை உன் தம்பிக்கும் சேர்ந்தது. வரும் மே மாதம் இன்னொரு முறை எழுது. வயது வரம்பை 2022-லேயே எடுத்துவிட்டார்கள், ஆகவே எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் மூன்றாம் முறைக்கு என் சம்மதம் இல்லை. ஐந்து வருஷப் படிப்பு கிடைக்காவிட்டால் இரண்டு வருஷப் படிப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத்தான் நானும் படித்தேன், பசியோடு படுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாக வரும் காலை பஸ்ஸில் ஏறி வா. வினாத்தாளை மறக்காதே. பாட்டி உனக்காகக் கீரை வடைக்கு ஊறப்போடுவதாகச் சொல்கிறாள். மெழுகு என்னிடம் இருக்கிறது. என் கத்திகள் மழுங்கிவிட்டன, அப்பாவிடம் சொல்லி ஒரு சின்ன உளியைச் சாணை பிடித்து எடுத்து வா.

இப்படிக்கு,
உன் தாத்தா