முதலில் நிறுத்திக் காட்டு

அன்புள்ள தம்பிக்கு,

திருவொற்றியூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் இரண்டு கிரேன்களின் பெண்டன்ட்டை (கேபிளில் தொங்கும் பட்டன் பெட்டி) கழற்றிவிட்டு ரேடியோ ரிமோட் பொருத்தும் வேலை உன் பொறுப்பில் வந்திருப்பதாக அப்பா போனில் சொன்னார். "ஒயரிங் தெரியும், மீதியெல்லாம் மேனுவல்ல இருக்கு" என்றாயாம். ஒயரிங் உனக்குத் தெரியும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மேனுவலும் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லும். ஆனால் அதை எழுதியவர்கள் இத்தாலியிலோ தைவானிலோ உட்கார்ந்து எழுதியவர்கள். எண்ணூர்க் காற்றும், அடுத்த ஷெட்டுக்காரரின் ரிமோட்டும், இருட்டுவதற்குள் லோடு ஏற்ற வேண்டும் என்று தலைமேல் நிற்கும் சூப்பர்வைசரும் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கிரேனை ஓட்டுவதற்குத்தான் ரிமோட் என்று வாங்குகிறவர் நினைப்பார். பொருத்துகிறவன் அப்படி நினைக்கக் கூடாது. கிரேனை நிறுத்துவதுதான் அதன் முதல் வேலை. ஓட்டுவது அதற்குப் பிறகு.

பெண்டன்ட் தொங்கும்வரை நடுவில் ஒரு கேபிள் இருந்தது. அது அறுந்தால் காண்டாக்டர் விழும், பிரேக் பிடிக்கும், கதை முடிந்தது. ரேடியோவில் அறுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் நல்ல ரிமோட் பட்டனை அழுத்தாத நேரத்திலும் தன் அடையாளக் குறியீட்டோடு ஓயாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலே இருக்கும் ரிசீவர் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரியில் கூர்க்காவின் விசில் சத்தம் கேட்கிறவரை தெரு நிம்மதியாகத் தூங்குவது மாதிரி. விசில் நின்றால் எழுந்து பார்க்க வேண்டும். அரை விநாடி அளவுக்குச் சரியான சிக்னல் வராவிட்டால் ரிசீவருக்குள் இருக்கும் இரண்டு பாதுகாப்பு ரிலேக்கள் திறக்கும், மெயின் காண்டாக்டர் விழும், ஸ்பிரிங் பிரேக் பிடிக்கும். அவசர நிறுத்தத்துக்கான சிவப்புக் காளான் பட்டனை யாரும் தட்டத் தேவையில்லை. பேட்டரி தீர்ந்தாலும், ரிமோட் கீழே விழுந்து உடைந்தாலும் கிரேன் தானாக நிற்கும். நீ பொருத்தும் எல்லாமே இந்த அரை விநாடிக்காகத்தான்.

முதலில் அலைவரிசை. நம் நாட்டில் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு கிரேன் ரிமோட்டுக்கென்றே 335 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஆறு அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த விட்டிருக்கிறது. 335.7125-இல் தொடங்கி 335.8375 வரை, 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில். அனுமதிக்கப்பட்ட திறன் 1 மில்லிவாட், அகலம் 10 கிலோஹெர்ட்ஸ். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் பகுதியும் லைசென்ஸ் வேண்டாதது. அங்கே 1 வாட் வரை போகலாம். எதுவானாலும் பெட்டிக்கு வகை ஒப்புதல் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. பழைய இரும்புக் கடையில் அமெரிக்க ரிமோட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடு. அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை பொதுப் பயன்பாட்டுக்கு உரியது. இங்கே அதில் ஒரு பகுதி செல்போன் கம்பெனிகளுடையது. ரிச்சி தெருவில் கிடைக்கும் கேட் திறக்கிற 433 மெகாஹெர்ட்ஸ் போர்டையும் ஹாய்ஸ்ட்டில் மாட்டாதே. ஒரு முறை அழுத்தினால் ரிலே அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிற போர்டுகள் அதில் உண்டு. சிக்னல் போனால் நிறுத்த வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. கேட்டுக்குப் பரவாயில்லை. ஐந்து டன் தொங்கும் ஹூக்குக்கு ஆகாது.

1 மில்லிவாட் போதுமா என்று கேட்பாய். ஒரு ஷெட்டுக்குத் தாராளமாகப் போதும். விற்பவர்கள் அரை கிலோமீட்டர் போகும் என்று பெருமை பேசுவார்கள். அத்தனை தூரத்தில் நின்றுகொண்டு லோடை ஓட்டுகிறவனை நீ வேலைக்கு வைத்துக்கொள்வாயா? ஹூக்கும் ஸ்லிங்கும் கண்ணுக்குத் தெரிகிற தூரம் போதும். அதற்கு மேல் எட்டுவது வசதி இல்லை, வம்பு.

நம் பகுதியில் ஷெட்டுக்கு ஷெட் சுவர் ஒட்டியிருக்கும். 335 பகுதியில் இருப்பதோ ஆறு அலைவரிசை. அடுத்த ஷெட்டுக்காரர் எதில் ஓட்டுகிறார் என்று போய்க் கேள். டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை. உன் இரண்டு கிரேனுக்கும் தனித்தனியாக ஒதுக்கி, ரிசீவர் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டு. குறியீடு வேறு வேறாக இருப்பதால் பக்கத்து ரிமோட் உன் கிரேனை ஓட்டிவிடாது. ஆனால் உன் சிக்னலை அமுக்கும். அமுக்கினால் உன் கிரேன் நிற்கும்.

அடுத்தது பேனல். ரிசீவரின் பாதுகாப்பு ரிலே மெயின் காண்டாக்டரின் காயிலோடு தொடராக வர வேண்டும். அவசரத்தில் சிலர் மெயினைப் பழைய ஆன்-ஆஃப் பட்டனிலேயே விட்டுவிட்டு, தூக்கு, இறக்கு, சி.டி. (குறுக்கு ஓட்டம்), எல்.டி. (நெடுக்கு ஓட்டம்) காண்டாக்டர்களை மட்டும் ரிமோட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க எல்லாம் ஓடும். காளான் பட்டனை அழுத்தினால் நிற்கவும் நிற்கும். ஆனால் 'தூக்கு' காண்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்ட அன்றைக்கு, ரிமோட்டைக் கீழே போட்டு உடைத்தாலும் ஹூக் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஹாய்ஸ்ட்டின் மேல் லிமிட் ஸ்விட்சையும் ரிசீவரை நம்பி விடாதே. ரிமோட் என்ன சொன்னாலும் மின்சாரத்தை அதுவே வெட்டும்படி தனியாக இருக்கட்டும். ஒவ்வொரு காண்டாக்டர் காயிலுக்கும் குறுக்கே ஒரு ஆர்.சி. சப்ரெஸர் போடு. போடாவிட்டால் காயில் விழும்போது கிளம்பும் உதை ரிசீவரின் சின்ன ரிலேயைச் சீக்கிரம் கெடுக்கும். பெண்டன்ட்டை மாற்றுவழியாக வைத்துக்கொள்வதானால் சாவி போட்ட செலக்டர் வை. இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கக் கூடாது.

மேலே ஏறும்போது ஒன்று. உன்னுடைய இரண்டு கிரேனும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஒன்றில் நீ ரிசீவர் மாட்டிக்கொண்டிருக்கும்போது மற்றது வேலை செய்தால்தான் ஆர்டர் முடியும் என்பார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஆள் இருக்கும்போது 6 மீட்டருக்குள் கிரேன் வரக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு எழுதிவைத்தது. யாரோ அடிபட்ட பிறகுதான் இந்த மாதிரி வரி சட்டத்தில் ஏறும். வாய்ச்சொல்லை நம்பாதே. மற்ற கிரேனின் மெயினுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை உன் பையில் வைத்துக்கொள்.

இனி உன்னைச் சோதிக்கப் போவது வேலை முடிந்த மூன்றாவது மாதம். "அடிக்கடி நின்னுடுது சார்" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் யாராவது ஒருவர் வழி சொல்வார்: பாதுகாப்பு ரிலேயில் ஒரு ஒயரைக் குறுக்கே போட்டுவிடு, நிற்காது. சொல்கிறவர் உன்னைவிட வயதில் மூத்தவராக இருப்பார், டீயும் வாங்கிக் கொடுப்பார். செய்யாதே. அந்த ஒயர் போட்ட நிமிஷத்திலிருந்து அங்கே இருப்பது ரிமோட் இல்லை. கிரேன் நிற்கிறது என்றால் சிக்னல் வரவில்லை என்று அது உண்மையைச் சொல்கிறது. ஏன் வரவில்லை என்று தேடுவதுதான் உன் வேலை.

எங்கே தேடுவது? முதலில் ஆன்டெனாவின் அடியில். வெளியிலிருந்து பார்த்தால் புதுசு போல இருக்கும். கனெக்டரைத் திருகிக் கழற்றிப் பார். நடு ஊசியைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருக்கும். கடல் உப்பும் ஈரமும் பித்தளையில் செய்கிற வேலை அது. சுத்தம் செய்து, மாட்டி, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்று. அடுத்தது ஆன்டெனா இருக்கும் இடம். இரும்பு பேனலுக்குள்ளேயோ கர்டரின் மறைவிலேயோ வைத்தால் பாதி ஷெட்டுக்கு அது செவிடு. டிரைவின் மோட்டார் கேபிளோடு ஆன்டெனா கேபிளை ஒரே கட்டாகக் கட்டியிருந்தாலும் அப்படித்தான். எண்ணூர் பக்கம் போனால் நிலக்கரித் தூளும் சேரும். உப்பு ஈரத்தோடு அது போர்டில் படிந்தால் மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். பெட்டியின் கேபிள் கிளாண்டுகள் எல்லாம் கீழ்நோக்கி இருக்கட்டும், ஓட்டை ஒன்றும் திறந்திருக்க வேண்டாம். இதெல்லாம் சரியாக இருந்தால் பேட்டரியைப் பார். ஷிஃப்ட் மாறும்போது பேட்டரியும் மாற வேண்டும் என்ற பழக்கம் அந்த ஷெட்டில் இருக்கிறதா என்று பார்.

ஒரு நாள் துறைமுக வேலைக்கும் உன்னை அழைப்பார்கள். அங்கே நிறுத்தம் என்பதற்கே வேறு அர்த்தம். கரையில் நிற்கும் பெரிய கன்டெய்னர் கிரேன்களை ஆபரேட்டர் மேலே கேபினில் உட்கார்ந்து ஓட்டுகிறார். ரேடியோவைப் பார்க்க வேண்டுமானால் மொத்தச் சரக்கு இறக்கும் கப்பலுக்குப் போ. கப்பலின் சொந்தக் கிரேனில் ஒற்றைக் கொக்கியில் ரேடியோ கிராப் தொங்கும். கேபினில் இருப்பவர் பட்டனை அழுத்தினால் வாய் திறந்து சரக்கைக் கொட்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளக் கூடாது என்ற உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரிலிருந்து நிலக்கரி எண்ணூர் பக்கம் போய்விட்டது. மற்ற மொத்தச் சரக்குக்கு கிராப் இன்னும் வேண்டியிருக்கிறது. அங்கே சிக்னல் போனால் கிராப் என்ன செய்ய வேண்டும்? திறக்கவே கூடாது, இருந்தபடி இருக்க வேண்டும். ஸ்கிராப் தூக்கும் மின்காந்தமும் இப்படித்தான். காளான் பட்டன் கிரேனின் ஓட்டத்தை வெட்டலாம், காந்தத்தின் மின்சாரத்தை வெட்டக் கூடாது. வெட்டினால் சுமை தலையில் விழும். ஆகவே எந்த இயந்திரமானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: சிக்னல் போனால் இதற்கு எது பாதுகாப்பான நிலை?

ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் உன்னுடையதுதான். கேபினில் இருந்தவருக்கு இடது என்றால் எப்போதும் ஒரே இடதுதான். ரிமோட்டோடு நடக்கிறவர் லோடின் மறுபக்கம் போனதும் இடது வலது மாறிவிடும். தப்பான பட்டனில் விரல் போவது அப்போதுதான். அதனால் பட்டனில் இடது, வலது என்று எழுதாதே. திருவொற்றியூரில் யாரை எழுப்பிக் கேட்டாலும் கடல் எந்தப் பக்கம் என்று சொல்வார்கள். 'கடல்', 'ரோடு' என்று பட்டனில் ஒட்டு. கர்டரின் அடிப்பக்கத்திலும் அதே சொல், அதே நிறம், அம்புக்குறியோடு பெரிதாக எழுதச் சொல்.

முன்பு கீழே நின்று 'ஆபீஸ்', 'ஆரியா' என்று குரல் கொடுத்து ஏற்றி இறக்கச் சொல்ல ஒரு கலாசி இருந்தார். ரிமோட் வந்ததும் பல இடங்களில் இரண்டு பேர் வேலை ஒருவர் தலையில் விழுந்துவிட்டது. ஸ்லிங் மாட்டுகிறவரே பட்டனும் அழுத்துகிறார். ஒரு கை செயினில், மறு கைக் கட்டைவிரல் 'தூக்கு' பட்டனில். விரல் நசுங்குவது இப்படித்தான். செயினில் கை இருக்கும்போது காளான் பட்டன் அழுத்தியே இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடு. ஸ்லிங் இறுகிய பிறகு லோடைத் தொட வேண்டுமானால் கயிற்றால் பிடி. லோடுக்குப் பக்கவாட்டில் நட, முன்னால் நடக்காதே. சாப்பாட்டுக்குப் போகும்போது சாவியை எடுத்துக்கொள். மாற்று ரிமோட் ஸ்டோரில் பூட்டியிருக்கட்டும்.

இன்னொன்று. 2019 ஜனவரியில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏழு கம்பெனிகளின் தொழிற்சாலை ரிமோட்டுகளைச் சோதித்து அறிக்கை வெளியிட்டார்கள். சிக்னலைப் பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பினாலே கிரேன் நகரும் நிலை அவற்றில் இருந்தது. நம் ஷெட்டுக்கு யார் வந்து இதைச் செய்யப் போகிறார்கள் என்று சிரிக்காதே. வாங்கும்போதே மாறும் குறியீடு உண்டா என்று கேள். குறியீடு பதிக்கும் வசதியைப் பூட்டாமல் விட்டுவராதே.

வெளியில் ஓடும் கேன்ட்ரி ஏதாவது உன் கைக்கு வந்தால் வர்தா புயலை நினைத்துக்கொள். 2016 டிசம்பர் 12 அன்று அடித்த காற்றில் வடசென்னை பட்ட பாடு உனக்கு ஞாபகம் இருக்கும். ரிமோட் கிரேனை நிறுத்தும், கட்டிப்போடாது. அதற்குத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் ரயில் கிளாம்ப் வேண்டும்.

கடைசியாக, ஒப்படைக்கும் நாள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3177 சொல்கிறபடி 25 சதவீதம் கூடுதல் சுமையில் சோதனை இருக்கும். முதலாளி முதல் தடவை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுவார், ரிமோட்டைக் கையில் கேட்பார். கொடுக்காதே, கொஞ்சம் பொறுக்கச் சொல். 'தூக்கு' பட்டனை அழுத்தியபடியே ஸ்டார்ட் போடு, கிரேன் நகரக் கூடாது. பிறகு வெறும் ஹூக்கோடு எல்.டி.யை மெதுவாக ஓடவிட்டு, ஓடும்போதே பேட்டரியைக் கழற்று. எல்லாரும் மேலே பார்க்கட்டும். மெயின் காண்டாக்டர் விழுகிற 'டக்' சத்தம் காதில் கேட்க வேண்டும். இதையே சுமையோடு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இறக்கிக்கொண்டிருக்கும்போது செய். சுமை எவ்வளவு வழுக்கி நிற்கிறது என்று அளந்து, லாக் புக்கில் தேதி போட்டு எழுதி, ஆபரேட்டரிடம் கையெழுத்து வாங்கு. அடுத்த வருஷப் பரிசோதனைக்கு வருகிறவருக்கு பிரேக் எவ்வளவு தேய்ந்தது என்று காட்ட அந்த எண்தான் உதவும். அது முடிந்த பிறகு ரிமோட்டை முதலாளி கையில் கொடு, ஆசை தீர ஓட்டட்டும்.

அன்புடன்,
அண்ணன்