நாய் கடித்தால் வயிற்றில் ஊசியா?

சுகாதாரப் பாடம்



1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியா, திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறியவர்கள் பலர். உங்களிலும் சிலருக்கு அங்கே சொந்தபந்தம் இருக்கும். அப்படிப் போன குடும்பங்களைப் பார்க்க நாங்கள் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் போயிருந்தோம். மீன் விற்கிற இடத்தைச் சுற்றி எப்போதும் நாய்க் கூட்டம். நாங்கள் போன ஒரு வீட்டில் ஒன்பது வயதுப் பையன் காலில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் நாள் பின்னேரம் தெருநாய் கடித்திருக்கிறது. காயத்தில் கோப்பித்தூள் அப்பியிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா பாட்டி?" என்று கேட்டோம்.

"தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களே ஐயா! தோட்டத்துல இருந்தப்ப எங்க அண்ணனுக்குப் போட்டாங்க. ஊசி முடியிறதுக்குள்ள ரெண்டு காலும் விழுந்திருச்சு. அதுக்குப் பொறகு கம்பு ஊனித்தான் நடந்தாரு. இந்தச் சின்னப் பிள்ளைக்கு எப்படிங்க போடுறது?"

பாட்டி சொன்னது கட்டுக்கதை அல்ல. அந்தக் காலத்து ஊசியால் சிலருக்கு அப்படி நடந்தது உண்மை. ஆனால் அந்த ஊசி இன்று நம் நாட்டில் இல்லை. இது தெரியாததால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் உயிரே போய்விடும். ஆகவே இந்த விஷயத்தை இந்தப் பாடத்தில் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

நரம்பும் காவலும்

நமது உடம்பில் நரம்புத்தொகுதி என்று ஒன்று இருக்கிறது. மூளை, முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண், அங்கிருந்து கை கால்களுக்குப் போகும் நரம்புகள் எல்லாம் அதில் சேரும். தோட்டத்து ஆபீசிலிருந்து ஒவ்வொரு டிவிசனுக்கும் டெலிபோன் வயர் போகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நிர்ப்பீடனத் தொகுதி, அதாவது நோயெதிர்ப்புச் சக்தி. இது வாச்சர் வேலை செய்கிறது. வெளியிலிருந்து கிருமி வந்தால் அடையாளம் கண்டு அடித்து விரட்டுவதே இதன் கடமை.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. கிருமி வந்ததும் காவல் சக்தி இரத்தத்தின் வழியாக மூளைக்குச் சேதி அனுப்புகிறது. மூளை உடம்பின் சூட்டைக் கூட்டுகிறது, பசியைக் குறைக்கிறது, படுக்கச் சொல்கிறது. காய்ச்சல் வந்தால் உடம்பு அசதியாக இருப்பது இதனால்தான்.

ஆனால் மூளைக்குள்ளே காவல்காரர்கள் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. அங்கே அடிதடி நடந்தால் சேதம் அதிகம். செத்துப்போன நரம்புக் கலங்கள் பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை. அதனால் இயற்கை அங்கே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

கிருமி ஒளியும் இடம்

விசர்நாயின் எச்சிலில் உள்ள வைரசு கடித்த காயத்தின் வழியாக உள்ளே போகிறது. அது இரத்தத்தில் சுற்றித் திரிந்தால் காவல்காரர் கண்ணில் பட்டுவிடும். அது அப்படிச் செய்வதில்லை. பக்கத்து நரம்பின் நுனிக்குள் புகுந்து, நரம்புக்குள்ளேயே மூளையை நோக்கி மெதுவாக ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் வரை எடுக்கும். சிலருக்கு ஒரு கிழமைக்குள்ளும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். தலை, முகம், கழுத்தில் கடித்தால் மூளை பக்கம், ஆபத்தும் பக்கம்.

இந்த நாட்களில் ஆள் சுகமாகவே இருப்பார். காயம் ஆறிவிடும். "ஒன்னும் ஆகலையே" என்று நாமும் இருந்துவிடுவோம். கிருமி மூளையைத் தொட்ட பிறகுதான் காய்ச்சல், தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுவது, வெறி எல்லாம் வரும். அதற்குப் பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்கும் மனிதருக்கும் தடுப்பூசி போட்டுத்தான் இந்தத் தொகை பிறகு வெகுவாகக் குறைந்தது.

பழைய ஊசியில் என்ன பிழை?

பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் 1885இல் முதன்முதலாக இந்த நோய்க்குத் தடுப்பூசி போட்டார். 1911இல் இந்தியாவில் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற வைத்தியர் மிருக மூளையில் கிருமியை வளர்த்து, மருந்து கலந்து அதைக் கொன்று ஒரு ஊசி செய்தார். தேயிலை விளையும் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் இந்த வகை ஊசி ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. இலங்கையிலும் பல்லாண்டு காலம் இதுதான் போடப்பட்டது.

கரண்ட் வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நரம்புக்கும் ஒரு கொழுப்பு உறை உண்டு. ஆட்டின் உறையும் மனிதனின் உறையும் ஏறத்தாழ ஒரே மாதிரி. ஆட்டு மூளையைத் திரும்பத் திரும்ப ஊசியில் ஏற்றியபோது, சிலருடைய காவல் சக்தி அந்த உறையையும் எதிரி என்று பாடமாக்கிக்கொண்டது. பிறகு சொந்த நரம்பின் உறையையே உரித்தது. வாச்சர் வீட்டுக்காரரையே அடித்த கதைதான். கால் விழுந்தது இப்படித்தான். சில இடங்களில் சில நூறு பேருக்கு ஒருவர், வேறு இடங்களில் சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்று இது நேர்ந்தது. 1930களில் அமெரிக்காவில் தொமஸ் ரிவர்ஸ் என்பவர் குரங்குகளுக்கு முயல் மூளையை ஊசியாகப் போட்டு, கிருமியே இல்லாவிட்டாலும் இப்படி ஆகும் என்று காட்டினார்.

அப்படியிருந்தும் அந்த ஊசி நிறையப் பேரைக் காப்பாற்றியது. அன்று வேறு வழியும் இல்லை. 1990களில் இலங்கை அதைக் கைவிட்டது. இந்தியா 2004இல் கைவிட்டது.

இப்போதைய ஊசி

இன்றைய தடுப்பூசிக்குக் கிருமியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் கலங்களில் வளர்க்கிறார்கள். அதில் மூளை கிடையாது. ஊசி போடுவது கையில்தான், வயிற்றில் அல்ல. நாலைந்து தடவை போனால் போதும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கிடையாது.

ஊசி போட்டதும் உடம்பு தன் எதிர்ப்புச் சக்தியைத் தயாரிக்க ஒரு கிழமைக்கு மேல் ஆகும். அதனால் ஆபத்தான கடி என்றால், ஆயத்தமான எதிர்ப்பு மருந்தைக் காயத்தைச் சுற்றியே ஏற்றுவார்கள். கிருமி நரம்புக்குள் நுழையுமுன் அங்கேயே மடக்குவதற்காக.

நாய் கடித்தால் செய்ய வேண்டியது

1. உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். இந்தக் கிருமியின் மேல் உறை கொழுப்பு. சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும்.

2. கோப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் போடாதீர்கள்.

3. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேர் பதிவு, ஒரு நாள் சம்பளம் என்று பார்க்க வேண்டாம். நாள் கடந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

4. பூனை, கீரி, நரி கடித்தாலும் இதே மாதிரிதான். குட்டி நாய் என்றும் விட்டுவிடாதீர்கள்.

5. நாயை அடித்துக் கொல்லாதீர்கள். ஆபத்தில்லாமல் முடிந்தால் கட்டி வைத்து, அதற்கு என்ன ஆகிறதென்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

6. துண்டில் எழுதிய திகதிகளில் ஒன்றையும் தவற விடாதீர்கள்.

7. லயத்து நாய்களுக்கு வருடா வருடம் தடுப்பூசி போடுங்கள்.

அந்தப் பையனின் காயத்தைக் கழுவி, பாட்டியோடு சேர்ந்து நாங்களும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மிஸ்ஸி கையில் ஊசி போட்டார். பாட்டி அவன் சட்டையை வயிறு தெரியத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். "முடிஞ்சிருச்சு பாட்டி" என்று மிஸ்ஸி சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்.

உங்கள் லயத்திலும் அந்தப் பழைய பயத்தோடு பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். இந்தப் பாடத்தை ஒருநாள் இரவு உரக்க வாசித்துக் காட்டுங்கள்.