அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்

லண்டனில் நம்மவர் வீட்டு பாய்லர் நின்றுபோனால் முதல் போன் தெரிந்தவர்களுக்குத்தான் போகும். கோயிலில் பழக்கமானவர், கடைக்காரரின் மைத்துனர், போன குளிருக்கு அக்கா வீட்டில் வேலை செய்தவர் என்று யாராவது ஒருவர் கிடைத்துவிடுவார். விசாரித்து ஆள் பிடிப்பது நல்ல பழக்கம். ஆனால் கேஸ் வேலை என்று வரும்போது அந்த விசாரணை பாதியில் நின்றுவிடுகிறது. அதற்குச் சில நம்பிக்கைகள் காரணம்.

“நல்ல பிளம்பர், கேஸும் பார்ப்பார்.”

பிரிட்டனில் கேஸ் வேலையைத் தொழிலாகச் செய்கிறவர் கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் என்ற பதிவேட்டில் இருந்தே ஆகவேண்டும். அது சட்டம். தண்ணீர்க் குழாயில் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், பதிவு இல்லாதவர் கேஸ் குழாயைத் தொடக்கூடாது. முன்பு இருந்த கோர்கி பதிவின் இடத்துக்கு 2009 ஏப்ரல் 1 முதல் கேஸ் சேஃப் வந்துவிட்டது. எனவே பழைய கோர்கி சின்னத்தைக் காட்டுவது எந்தத் தகுதிக்கும் சான்றல்ல.

“அட்டை வைத்திருக்கிறார், அது போதும்.”

போதாது. படித்த குடும்பங்களும் ஏமாறுவது இங்கேதான். பதிவு பெற்றவரிடம் இருக்கும் கேஸ் சேஃப் அட்டையின் முன்பக்கத்தில் அவருடைய படம், பெயர், நிறுவனம், 7 இலக்க உரிம எண், காலாவதித் தேதி ஆகியவை இருக்கும். நாம் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிடுகிறோம். அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கும். பாய்லருக்குத் தகுதி உள்ளவருக்கு குக்கருக்கோ, வரவேற்பறை கேஸ் ஃபயருக்கோ தகுதி இருக்கவேண்டும் என்பதில்லை. குழாயில் வரும் இயற்கை எரிவாயு வேறு, சிலிண்டரில் வரும் எல்பிஜி வேறு. உணவகச் சமையலறையின் பெரிய அடுப்புகளுக்குத் தனித் தகுதி வேண்டும். வீட்டு பாய்லரை ஒழுங்காகப் பொருத்தியவர் என்பதற்காகவே அவரைக் கடை அடுப்புக்கும் அழைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அந்தத் தகுதிகளும் ஆயுளுக்கும் செல்லுபடியாகாது. பொதுவாக 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி தேர்வு எழுதிப் புதுப்பிக்கவேண்டும். சந்தேகம் இருந்தால் உரிம எண்ணை கேஸ் சேஃப் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம், 0800 408 5500 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

“தெரிந்த மனுசனிடம் அட்டை கேட்டால் என்ன நினைப்பார்?”

“அண்ணே, கார்டை ஒருக்காக் காட்டுங்கோ.” சொல்லவேண்டியது இவ்வளவுதான். பதிவு பெற்றவர்கள் இந்தக் கேள்விக்குப் பழகியவர்கள், கேட்குமுன்பே எடுத்து நீட்டுகிறவர்களும் உண்டு. முகம் சுளிக்கிறவரிடமும் “வேனில் இருக்கு, பிறகு காட்டுறன்” என்கிறவரிடமும் பாய்லரை ஒப்படைக்காதீர்கள். உறவு முறிந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வேன். தூங்கும் பிள்ளைகளின் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

“ஏதாவது பிழை என்றால் மணம் காட்டிக்கொடுக்கும்.”

கேஸ் கசிந்தால் மணக்கும், அதற்கென்றே அதில் மணப்பொருள் கலக்கிறார்கள். மணம் வந்தால் சுவிட்சுகளைத் தொடாமல், தீ பற்றவைக்காமல், ஜன்னல்களைத் திறந்து, முடிந்தால் மீட்டர் வால்வை மூடிவிட்டு வெளியே வந்து 0800 111 999 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். ஆனால் சரியாகப் பொருத்தாத பாய்லரில் கேஸ் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மூச்சுத்திணறல் எல்லாம் சளிக்காய்ச்சல் மாதிரியே இருக்கும். குளிர்காலத்தில் யாரும் பாய்லரைச் சந்தேகிக்கமாட்டார்கள். வீட்டில் இருக்கும்போது தலையிடி, வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் உடனே எச்சரிக்கையாகுங்கள். நீலமாக எரியவேண்டிய சுவாலை மஞ்சளாகச் சோம்பி எரிவதும், பாய்லரைச் சுற்றிக் கரி படிவதும் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அவசியம் வையுங்கள். ஆனால் அது தகுதியுள்ள ஆளுக்கு மாற்று அல்ல.

“வாடகை வீடுதானே, நமக்கென்ன?”

அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் அதிகம் சொல்வது இது. வீட்டுக்காரர் தன் கேஸ் சாதனங்களை 12 மாதத்துக்கு ஒருமுறை பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு சோதிக்கவேண்டும். அந்தச் சோதனைப் பதிவின் நகலை ஏற்கெனவே குடியிருப்பவருக்கு 28 நாளுக்குள்ளும், புதிதாக வருகிறவருக்கு அவர் குடிவருமுன்பும் கொடுக்கவேண்டும். கட்டணம் உங்களுடையதல்ல. கடைசியாக வந்த நகலைக் கேட்டு வாங்கி, தேதியைப் பாருங்கள். சோதனையே செய்யாமல் இழுத்தடித்தால் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகமான ஹெச்.எஸ்.இ.யிடம் புகார் செய்யலாம்.