தொட்டி மீனைப் படம் பிடிக்க

மீன் தொட்டியைப் படம் எடுத்தால் மீனோடு நம் முகம், முதுகுக்குப் பின்னால் உள்ள ஜன்னல், டியூப்லைட் எல்லாம் சேர்ந்து விழும். விலை உயர்ந்த கேமரா வாங்கினாலும் இது தீராது. தொட்டிக்குள் வெளிச்சம், வெளியே இருட்டு. அது அமைந்தால் செல்போனே போதும்.

முதலில் கண்ணாடி. உள்பக்கப் பாசியை முந்தின நாளே சுரண்டிவிடுங்கள். கிளம்பும் தூசி அடங்க நேரம் வேண்டும். வெளிப்பக்கக் கைரேகைக்கு ஈரத்துணி போதும். அம்மோனியா கலந்த தெளிப்பான் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. தீனி படம் எடுத்த பிறகுதான். மிதக்கும் துகள் ஒவ்வொன்றும் படத்தில் வெள்ளைப் புள்ளியாகிவிடும்.

அடுத்து, திரையை இழுத்துவிட்டு அறை விளக்குகளையும் டிவியையும் அணையுங்கள். தொட்டியின் மேல்விளக்கு மட்டும் எரியட்டும். நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பேய் மாதிரி தெரியும். நியான் டெட்ரா மீன் இருட்டில் நிறம் மங்கிக் கிடக்கும். விளக்கு போட்டதும் எடுக்காமல், நீலக்கோடு பளிச்சிடும்வரை பொறுங்கள். குமிழிகள் தொந்தரவு செய்தால் ஏர் பம்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தலாம்.

லென்ஸ் கண்ணாடிக்கு நேர் எதிரே இருக்கவேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். சாய்த்துப் பிடித்தால் ஒளி விலகி மீனின் ஓரங்கள் கலங்கும். செல்போனைக் கண்ணாடியை ஒட்டினாற்போல் பிடித்தால் பிரதிபலிப்பு பெரும்பாலும் ஒழியும். கேமராவுக்கு ரப்பர் ஹுட் அதே வேலையைச் செய்யும். தட்டிவிடாதீர்கள், மீன் மிரளும். உருண்டைக் கிண்ணத்தில் மட்டும் எதுவும் சரிவராது.

கேமராவிலேயே உள்ள ஃபிளாஷ் வேண்டாம். தனி ஃபிளாஷ் இருந்தால் தொட்டிக்கு மேலிருந்து கீழ்நோக்கி அடிக்கட்டும். மேல்வெளிச்சத்தில் வயிறு இருண்டு போகும். அடியில் வெளிர்மணல் இருந்தால் அது கொஞ்சம் ஒளியைத் திருப்பித் தரும்.

ஷட்டரை 1/200 நொடியில் வைத்துத் தொடங்குங்கள், ஐஎஸ்ஓ 800 முதல் 1600 வரை போகலாம். எல்இடி விளக்கால் படத்தில் பட்டை பட்டையாக வந்தால் 1/100க்கு இறக்கிப் பாருங்கள். அப்போது ஓடும் கப்பி மீனை விட்டுவிட்டு, நிதானமாக நிற்கும் ஏஞ்சல் மீனைப் பிடியுங்கள்.

மீனைத் துரத்தாதீர்கள். சற்று நேரம் பார்த்தாலே அது திரும்பத் திரும்ப வரும் இடம் தெரிந்துவிடும். முன்கண்ணாடிக்கு அருகே அப்படி ஓர் இடத்தில் ஃபோகஸை வைத்துக் காத்திருந்து, பக்கவாட்டில் திரும்பும்போது தொடர்ச்சியாக எடுங்கள். ஃபோகஸ் கண்ணில் விழாத படத்தைத் தயங்காமல் அழித்துவிடலாம். ஃபைட்டர் மீன் துடுப்பை விரிக்கவேண்டுமா? முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைக் காட்டுங்கள். ஓரிரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பாவம், களைத்துவிடும்.

முடிந்ததும் முதல் வேலை ஏர் பம்பைத் திரும்பப் போடுவது. பிறகு தீனி.